வெளியே போகாமலே உதடு வெடிக்கிறது – குளிர்காலத்தில் இதற்கு என்ன காரணம்?

தாமிரபரணிக்காரி, எட்மன்டன்

வணக்கம். ஆகஸ்டில் திருநெல்வேலியிலிருந்து கனடா வந்தோம், இதுதான் எங்களுக்கு முதல் குளிர்காலம். வெளியில் இப்போது மைனஸ் 25. மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடக் கீழே இறங்குவதோடு சரி, மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குள்தான் இருக்கிறேன். வீட்டில் நல்ல சூடு, ஸ்வெட்டர்கூடத் தேவைப்படுவதில்லை. ஆனாலும் உதடு பாளம் பாளமாக வெடிக்கிறது. கொட்டாவி விட்டால் ரத்தம் கசிகிறது, ரசம் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது.

குளிரால்தான் வெடிக்கிறது என்றால், குளிரே படாத எனக்கு ஏன் வெடிக்க வேண்டும்? தண்ணீர் நிறையக் குடிக்கிறேன். புதினா வாசனை உள்ள லிப் பாம் ஒன்றைக் கையிலேயே வைத்திருக்கிறேன். தடவியதும் ஜில்லென்று இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் பழையபடி இழுக்கிறது. அத்தை போனில் தொப்புளில் எண்ணெய் வைக்கச் சொல்கிறார். என் ஆறு வயது மகளுக்கு உதடு மட்டுமல்ல, வாயைச் சுற்றி வட்டமாகச் சிவந்து சொரசொரப்பாகிவிட்டது. அதுவும் இதுவும் ஒன்றுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடமராட்சியான், ஸ்கார்பரோ

தங்கச்சி, வீட்டுக்குள் இருப்பதால்தான் உங்களுக்குச் சொண்டு (உதடு) வெடிக்கிறது. இங்கு புதிதாக வரும் எங்கள் சனம் எல்லோரும் முதல் வருடம் இதே கேள்வியைக் கேட்பார்கள்.

குளிர்ந்த காற்றில் நீராவி அதிகம் தங்காது. மைனஸ் 20இல் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 1 கிராம் நீர்தான் இருக்க முடியும். அதே காற்று கதவு, ஜன்னல் இடுக்குகள் வழியாக உள்ளே வருகிறது, ஃபர்னஸ் அதை 21 பாகைக்குச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் ஒரு கன மீட்டருக்கு 18 கிராம் வரை நீர் கொள்ளும். இருப்பதோ அதே 1 கிராம். கணக்குப் போட்டால் ஈரப்பதம் 6 சதவீதம்கூட வராது. சமையல், குளியல், எங்கள் மூச்சு எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் உயர்த்தும். அப்படியும் கடுங்குளிர் நாட்களில் 15, 20 சதவீதத்தைத் தாண்டாத வீடுகள் ஏராளம். ஊரில் 30 பாகைச் சூட்டில், 70 சதவீத ஈரப்பதத்தில், அதே ஒரு கன மீட்டரில் 20 கிராமுக்கு மேல் நீர் இருக்கும். அந்தக் காற்றில் வளர்ந்த உடம்பு உங்களுடையது.

வறண்ட காற்று கிடைத்த இடத்திலெல்லாம் நீரை இழுத்துக்கொள்ளும். மரத்தளம் சுருங்கிக் கீச்சிடுவதும், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று மின்சாரம் அடிப்பதும், காலையில் எழும்போது மூக்குக்குள் பொருக்குத் தட்டியிருப்பதும் இந்த வறட்சியால்தான். ஈரப்பதம் காட்டும் சின்ன மானி மலிவாகக் கிடைக்கும். ஒன்று வாங்கி வரவேற்பறையில் வைத்துப் பாருங்கள்.

கோத்தகிரிவாசி

அண்ணன் சொல்வது கனடாவுக்குப் பொருந்தும். எங்கள் பக்கம் பெரும்பாலான வீடுகளில் ஹீட்டர் கிடையாது, ஆனால் டிசம்பர், ஜனவரியில் உதடு வெடிக்காத ஆளைப் பார்க்க முடியாது. ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் புல்வெளி முழுக்க உறைபனி விழுந்து கிடக்கும், பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்கு உதடும் கன்னமும் சேர்ந்து வெடிக்கும். அவர்கள் நாள் முழுக்கத் தோட்டத்தில் நிற்பவர்கள். வெளிக்குளிருக்கும் காற்றுக்கும் பங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வடமராட்சியான், ஸ்கார்பரோ

பங்கில்லை என்று நான் சொல்லவில்லை, தம்பி. நடப்பது ஒன்றுதான், இடம்தான் வேறு. வெளியில் நிற்கும்போது குளிர்காற்று சொண்டில் பட்டு உடல் சூட்டில் சூடாகிறது. சூடானதும் அதற்கு நீர் தேவைப்படுகிறது, அதைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காற்று அசையாமல் இருந்தால் தோலை ஒட்டி ஈரமான ஒரு மெல்லிய படலம் தங்கும், பாதிப்பு மெதுவாக இருக்கும். காற்று வீசினால் அந்தப் படலம் நிற்காது, புதிது புதிதாக வறண்ட காற்று வந்து மோதிக்கொண்டே இருக்கும். உங்கள் மலையில் வெயிலும் கூட. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமை. குளிராக இருப்பதால் வெயில் படுவதே நமக்கு உறைக்காது.

மருந்தாளுநர், கோவை

இருவர் சொல்வதும் சரி. ஆனால் காற்று வறண்டால் கை, கால், முகம் எல்லாமேதான் வறள்கின்றன. உதடு மட்டும் முதலில் வெடிப்பது அதன் அமைப்பால்.

உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பி இல்லை, முடி இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் பெரும்பாலும் இல்லை. (சிலருக்கு மேலுதட்டில் பொடிப்பொடியாக வெளிர்மஞ்சள் புள்ளிகள் தெரியும். அவை இடம் மாறி அமைந்த எண்ணெய்ச் சுரப்பிகள்தான், நோயல்ல. அதைப் பார்த்துப் பயந்து வருபவர்கள் பலர்.) தோலின் மேல் இருக்கும் கெட்டிப் படலம்தான் உடம்பின் நீர் ஆவியாகிப் போகாமல் காக்கிறது. உதட்டில் அந்தப் படலம் மிக மெல்லியது, அதனால்தான் அடியில் ஓடும் ரத்தத்தின் சிவப்பு வெளியே தெரிகிறது. கன்னத்தில் எண்ணெய் சுரந்து ஓரளவு காப்பாற்றும், உதட்டுக்கு அந்த உதவியும் இல்லை. நிறமியும் குறைவு என்பதால் வெயிலையும் தாங்காது. இதற்கு மேல் பேச்சு, சிரிப்பு, சாப்பாடு என்று ஓயாத அசைவு. வறண்டு விறைத்த படலம் நெளிய முடியாமல் கோடு கோடாகக் கிழிகிறது.

இனி நாக்கு. என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு வெடிப்பை ஆறவிடாமல் வைத்திருப்பது இதுதான். உதடு இழுத்தால் நாம் அறியாமலே நாக்கு வெளியே வரும். எச்சில் பட்டதும் சில நொடி இதமாக இருக்கும். அது காயும்போது படலம் மறுபடி சுருங்கும். ஊறுவதும் சுருங்குவதுமாக ஒரு நாளில் எத்தனையோ தடவை நடந்தால் எந்தத் தோலும் கிழியும். போதாததற்கு, எச்சில் வெறும் தண்ணீர் இல்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் போன்ற நொதிகள் அதில் இருக்கின்றன, ஏற்கெனவே கிழிந்த இடத்தை அவை மேலும் உறுத்தும். வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கு நாக்கே வேண்டாம், இரவு முழுக்க மூச்சுக்காற்று உதட்டைக் காய வைத்துக்கொண்டிருக்கும். சளி பிடித்து மூக்கடைத்திருக்கும் வாரத்தில் வெடிப்பு அதிகமாவது இதனால்தான்.

உங்கள் மகளுக்கு இருப்பதும் நாக்கு வேலை என்றே தோன்றுகிறது. நாக்கு எட்டும் தூரம் வரை வட்டமாகச் சிவந்து, அதற்கு அப்பால் தோல் நன்றாக இருந்தால் அதற்குத்தான் அதிக வாய்ப்பு. குழந்தைகளிடம் குளிர்காலத்தில் மிகச் சாதாரணம். திட்டாதீர்கள், திட்டினால் பதற்றத்தில் இன்னும் நக்குவார்கள். பள்ளிக்குக் கிளம்பும் முன்பும், சாப்பிட்ட பிறகும், படுக்கப் போகும்போதும் உதட்டிலும் சுற்றிலும் வாசனையில்லாத வாசலின் கனமாகத் தடவுங்கள். எச்சில் நேரடியாகத் தோலில் படாது. ஒன்றிரண்டு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, மஞ்சள் பொருக்குத் தட்டி நீர் வடிந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கிருமித் தொற்றாக இருக்கலாம். வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு களிம்பை எடுத்து வாயைச் சுற்றித் தடவ மட்டும் வேண்டாம், அதனாலேயே அங்கே பொரிப்பொரியாகக் கிளம்பும்.

தாமிரபரணிக்காரி, எட்மன்டன்

ரொம்ப நன்றி. கவனித்துப் பார்த்தேன், டிவி பார்க்கும்போது அவள் நாக்கு உள்ளே போவதே இல்லை. என்னுடைய லிப் பாம் பற்றி யாரும் சொல்லவில்லையே. நல்ல கடையில் வாங்கியதுதான்.

மருந்தாளுநர், கோவை

அதை நிறுத்திவிடுங்கள். ஜில்லென்ற உணர்வு மெந்தால் தருவது. குளிர்ச்சியை உணரும் நரம்பை அது தூண்டுகிறது, ஈரம் எதையும் சேர்ப்பதில்லை. மெந்தால், கற்பூரம், ஃபீனால், பட்டை எண்ணெய், பெப்பர்மின்ட் இவையெல்லாம் வெடித்த உதட்டை உறுத்தும். உறுத்தல் வந்ததும் மறுபடி தடவத் தோன்றும். பழ வாசனை, இனிப்பு சேர்த்தவை நாக்கைக் கூப்பிடும். குழந்தைக்கு ஸ்ட்ராபெரி வாசனை லிப் பாம் வாங்கிக் கொடுக்கும் வீடுகளில் வட்டச் சிவப்பு போகவே போகாது.

சிலருக்கு இது ஒவ்வாமையாகவே மாறும். லிப்ஸ்டிக், லிப் பாம், பற்பசை மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். பட்டை வாசனைப் பற்பசைக்கு மாறிய பிறகு உதடு எரிய ஆரம்பித்தால் பற்பசையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். லானொலின் என்ற ஆட்டு ரோமக் கொழுப்பு, தேன்மெழுகோடு வரும் புரோபோலிஸ் என்ற பிசின் போன்ற ‘இயற்கை’ச் சரக்குகூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வெயில் காலத்திலும் ஆறாத வெடிப்பு என்றால் தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து எது ஆகவில்லை என்று கண்டுபிடிப்பார்.

தண்ணீர் குடிப்பதை விடாதீர்கள், குளிரில் தாகம் குறைவாகத்தான் தெரியும். ஆனால் போதுமான அளவு குடிப்பவர் இன்னும் இரண்டு சொம்பு சேர்த்துக் குடித்தால் உதடு ஆறிவிடாது. உள்ளே ஊற்றுவது உதட்டின் வழியே போவதைத் தடுக்காது.

கரோல்பாக் அம்மா, தில்லி

தொப்புள் எண்ணெய் பற்றி: இங்கே தில்லியிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் உதடு வெடித்தால் தொப்புளில் கடுகெண்ணெய் வைக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் நல்லெண்ணெய் அல்லது விளக்கெண்ணெய். இத்தனை ஊரில் இத்தனை காலமாகச் செய்கிறார்கள் என்றால் அதில் ஏதாவது இருக்காதா?

மருந்தாளுநர், கோவை

அம்மா, வைப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் தொப்புளிலிருந்து உதட்டுக்கு எண்ணெய் போக வழி கிடையாது. கருவில் இருக்கும்போது தொப்புள்கொடி வழியே ரத்தம் ஓடியது உண்மை. பிறந்த பிறகு அந்த நாளங்கள் மூடி வெறும் நாராகிவிடுகின்றன. தொப்புளில் எண்ணெயை உறிஞ்சும் சுரப்பி ஒன்று இருக்கிறது, அதற்கு எழுபதாயிரம் நரம்பு என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு உடற்கூறியலில் எந்த ஆதாரமும் இல்லை. எண்ணெய் தொட்ட அதே விரலால் உதட்டையும் தடவிக்கொண்டு படுத்தால் பலன் இருக்கும், அது உதட்டில் தடவியதன் பலன்.

கோத்தகிரிவாசி

எங்கள் பாட்டி வெண்ணெயை உதட்டில்தான் தடவிவிடுவார். தேங்காய் எண்ணெய் இங்கே பாட்டிலுக்குள் கல்லாகக் கிடக்கும், விரலால் எடுக்கவே முடியாது.

மருந்தாளுநர், கோவை

தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். கையில் தேய்த்து உருக்கித் தடவலாம், ஆனால் சீக்கிரம் போய்விடும். வெண்ணெய், நெய், பாலாடை எல்லாமே கொஞ்ச நேரம் காக்கும், கூடவே வாசனையும் ருசியும் நாக்கை இழுக்கும். தேனும் அப்படித்தான். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனை உதட்டில்கூடத் தடவக் கூடாது, போட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வர வாய்ப்பு உண்டு. எலுமிச்சை, சர்க்கரை போட்டு உதட்டைத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கிழிந்த தோலில் அமிலத்தை ஊற்றி உப்புத்தாள் போடும் வேலை அது.

பசுமைநேசன், புதுச்சேரி

வாசலின் என்பது பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது. அதைப் போய் வாயில் தடவச் சொல்கிறீர்களே, உள்ளே போனால் கெடுதல் இல்லையா? குழந்தைக்கு வேறு சொல்கிறீர்கள்.

மருந்தாளுநர், கோவை

நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளில் குழாய்க் கம்பிகளைச் சுற்றி ஒரு கறுப்பு மெழுகு படியும். தொழிலாளர்கள் அதை வெட்டுக்காயத்துக்கும் சுட்ட புண்ணுக்கும் தடவிக்கொண்டதை ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலாளர் கவனித்தார். அதைச் சுத்திகரித்து வெள்ளையாக்கி 1872இல் காப்புரிமை பெற்றார். கச்சா எண்ணெயில் கெடுதலான சேர்மங்கள் உண்டு. மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்த வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியில் அவை நீக்கப்பட்டிருக்கும். உதட்டிலிருந்து உள்ளே போகும் துளி செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். நீர் ஆவியாவதைத் தடுப்பதில் தாவர எண்ணெய்களைவிட இது பல மடங்கு மேல். வாசனை இல்லை, ருசி இல்லை, ஒவ்வாமை மிக அபூர்வம். பெயரில் பெட்ரோலியம் இருக்கிறதே என்று பிடிக்கவில்லையா, வாசனை சேர்க்காத தேன்மெழுகு, ஷியா வெண்ணெய் கலந்த களிம்பு போட்டுக்கொள்ளுங்கள், சண்டையே இல்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வாசலின் ஈரம் தராது, இருக்கும் ஈரத்தைப் போகவிடாது. அதனால் முகம் கழுவிய கையோடு, உதட்டை ஒற்றியெடுத்து லேசான ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். தொங்கும் தோலை உரிக்கக் கூடாது. உறுத்தினால் சின்னக் கத்தரியால் நுனியை மட்டும் வெட்டலாம்.

பேச்சியம்மாள் பேத்தி, மதுரை

எங்கள் அப்பாவுக்கு உதடு நன்றாகத்தான் இருக்கிறது, வாயின் இரண்டு ஓரமும் பிளந்து வெள்ளையாக இருக்கிறது. பல்செட் வைத்திருக்கிறார். பி காம்ப்ளக்ஸ் மாத்திரை வாங்கிப் போட்டும் குறையவில்லை.

மருந்தாளுநர், கோவை

அது கடைவாய்ப் புண், இந்த இழையில் பேசும் வெடிப்பு அல்ல. வயதானவர்களுக்கு, முக்கியமாகப் பல்செட் தேய்ந்தவர்களுக்கு, வாய் மூடும்போது ஓரத்தில் மடிப்பு விழும். அங்கே எச்சில் தேங்கி கேண்டிடா என்ற பூஞ்சையோ ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவோ வளரும். பி2, பி12, இரும்புச் சத்துக் குறைந்தாலும் ஓரம் பிளக்கும் என்பதால்தான் எல்லோரும் பி காம்ப்ளக்ஸ் வாங்குகிறார்கள். பூஞ்சை இருந்தால் மாத்திரை மட்டும் போதாது, பூஞ்சையை அழிக்கும் களிம்பு வேண்டும், பல்செட்டையும் சரிபார்க்க வேண்டும். அதை இரவில் கழற்றிச் சுத்தம் செய்து வைக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மடிவாலா மாணவன், பெங்களூரு

எனக்குக் குளிர் காரணமா என்றே தெரியவில்லை. பருவுக்கு டாக்டர் கொடுத்த ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறேன். உதடு தினமும் தோல் தோலாக உரிகிறது.

மருந்தாளுநர், கோவை

காரணம் மாத்திரைதான் தம்பி, குளிர் அதைக் கூட்டுகிறது. அந்த மருந்து எண்ணெய்ச் சுரப்பை அடக்கும், தோலையும் மெலிதாக்கும். சாப்பிடும் எல்லோருக்குமே ஏறக்குறைய உதடு காயும். நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை களிம்பு சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

கடலோரத்தான், தூத்துக்குடி

படித்துக்கொண்டே வந்தேன், ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். என் பெரியப்பாவுக்குக் கீழுதட்டில் ஓரிடம் மட்டும் வெள்ளை படிந்து சொரசொரப்பாக இருந்தது. பனிக்காற்று என்று சொல்லி எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். வெயிலில் படகு ஓட்டியவர், புகையிலையும் உண்டு. காட்டியபோது தசை எடுத்துப் பார்த்து, புற்றாக மாறும் நிலைக்கு முந்தியது என்றார்கள். நல்லவேளை அகற்றிவிட்டார்கள். கீழுதடுதான் வெயிலை நேராக வாங்குகிறது. ஒரே இடத்தில் வாரக்கணக்கில் ஆறாத புண், தடித்த வெள்ளைத் திட்டு, உதட்டுக்கும் தோலுக்கும் நடுவே உள்ள கோடு அழிந்துபோவது, இவற்றில் எது இருந்தாலும் எண்ணெய் போட்டுக் காத்திருக்காதீர்கள். புகையிலை, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் சீக்கிரம் காட்ட வேண்டும்.

மருந்தாளுநர், கோவை

மிக முக்கியமான பதிவு. கனடாவில் இருப்பவர்களுக்கும் இது உண்டு. புதிதாக விழுந்த பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், கீழிருந்தும் வெயில் அடிக்கும். பனியில் நீண்ட நேரம் நிற்கும் நாட்களில் எஸ்.பி.எஃப். 30 (வெயில் காப்பு அளவு) உள்ள உதட்டுக் களிம்பு போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவுங்கள். இன்னொன்று: கொத்தாகக் கொப்புளம் வந்து, அதற்கு முன்பே அந்த இடம் சுருசுருவென்று இருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ். வெயிலும் குளிரும் அதைக் கிளப்பும். அது ஆறும் வரை கைக்குழந்தைகளை முத்தமிட வேண்டாம்.

தாமிரபரணிக்காரி, எட்மன்டன்

மானி வாங்கி வைத்தேன், 14 காட்டுகிறது! காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் வாங்கலாமா? எவ்வளவு வரை ஏற்றலாம்? ஹீட்டர் பக்கத்தில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் போதும் என்கிறார் இவர்.

கரோல்பாக் அம்மா, தில்லி

நாங்கள் ராட் ஹீட்டர் முன்னால் வாளியில் தண்ணீர் வைப்போம். சின்ன அறைக்குக் கொஞ்சம் உதவும்.

வடமராட்சியான், ஸ்கார்பரோ

உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் போதாது தங்கச்சி. ஹியூமிடிஃபையரைப் படுக்கையறையில் வையுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் இரவு முழுக்கப் பலன் கிடைக்கும். பொதுவாக 30 சதவீதம் நல்லது என்பார்கள். ஆனால் மைனஸ் 25 குளிரில் 20, 25ஐத் தாண்டினாலே ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து உறையும், பிறகு சட்டத்தில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடியைப் பாருங்கள், நீர் கோத்தால் குறைத்துவிடுங்கள். காற்றை மட்டும் வைத்துச் சொண்டைக் காப்பாற்ற முடியாது என்று நான் சொல்வது இதனால்தான், களிம்பும் வேண்டும். வீட்டுச் சூட்டை இரவில் இரண்டு பாகை குறைத்தாலும் வறட்சி குறையும், மின்சார, எரிவாயுக் கட்டணமும் குறையும்.

கருவித் தண்ணீரைத் தினமும் கொட்டிக் கழுவுங்கள், தேங்கினால் கிருமி வளர்ந்து காற்றில் பரவும். நீரை அதிர்வால் புகைபோல ஆக்கும் அல்ட்ராசோனிக் வகை என்றால் குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள உப்பு வெள்ளைத் தூளாக மேசை முழுக்கப் படியும். வடித்த நீர் குடுவையில் விற்கிறார்கள், அதையே ஊற்றுங்கள்.